கதவைத் தனியாகக் கேட்க வேண்டும்

2007 ஜூலையில் முதல் இரண்டு வாரமும் ஒரு ஆர்டர் ஃபாரம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. முன்னும் பின்னும் அச்சடித்த ஒற்றைத் தாள். இடப்பக்கம் பொருளின் பெயர், வலப்பக்கம் சின்னக் கட்டம். வேண்டுமென்றால் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். வெயிலுக்கு இழுத்து விரிக்கிற கூரைத்துணி, வெளிப்புற அடுப்பு, மாடிக்கட்டில், இரண்டாவது பேட்டரி, சோலார் பலகை, டிவி ஆண்டெனா என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. பிக்கப் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடு ஒன்றை வாங்கப் போகிறோம். வீடு முடிவாகிவிட்டது. அதற்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்பதுதான் முடிவாகவில்லை.

அதுவரை நான் எந்தக் கூரையின் கீழும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல இருந்ததில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறினேன். பிறகு மங்களூர், பம்பாய், சவூதியில் தம்மாம். தம்மாமில் ஒரு தகரக் கேபினில் எட்டுப் பேர் படுத்தோம். அதில் இரண்டு பேர் ராத்திரி வேலைக்குப் போவதால் கட்டில் ஆறுதான் இருந்தது. அங்கே ஒரு ஆஸ்பத்திரிக்கு வேன் ஓட்டியபோது பார்த்தவள்தான் என் மனைவி. புதுக்கோட்டைக்காரி, நர்ஸ். அமெரிக்கப் பரீட்சைகளை அவள்தான் எழுதினாள், தேறினாள். கிரீன் கார்டு அவள் பேரில் வந்தது. வண்டிக்குப் பின்னால் கட்டிய ட்ரெய்லர் மாதிரி நான் கூட வந்தேன்.

டெக்சாஸில், டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் குடியேறினோம். டெலிகாம் கம்பெனிகள் ஆட்களை அனுப்பிவிட்டுப் பாதிக் கட்டிடங்களைப் பூட்டி வைத்திருந்த காலம். பூட்டின கட்டிடத்தைக் கூட்டிப் பெருக்கவும் ஆள் வேண்டுமே, அந்த வேலைதான் எனக்கு முதலில் கிடைத்தது. அப்புறம் விமான நிலைய ஷட்டில் வேன், கோழிக்கடை டெலிவரி, வேலி போடும் வேலை. நாலு வருடத்தில் ஆறு வேலை, மூன்று அபார்ட்மெண்ட். ஒரு இடத்தில் குழாய்கள் எந்தப் பக்கம் திறக்கும் என்று கை பழகினதும் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். அவள் அப்படியில்லை. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வார்டு, வாரத்தில் நாலு நாள் இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை. பகலில் தூக்கம். நான் வேலையைப் பகுதி நேரமாக்கிக்கொண்டு எங்கள் மகளைப் பார்த்துக்கொண்டேன். அவளுக்கு அப்போது நாலு வயது.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு சட்டம். அம்மா பகலில் தூங்கும்போது யாரும் எழுப்பக் கூடாது. ஊரிலிருந்து போன் வந்தாலும் கூடாது. ஒருமுறை அவள் தம்பிக்குக் கல்யாணம் முடிவான செய்தி காலை பத்து மணிக்கு வந்தது. நான் மத்தியானம் மூன்று வரை வாயை மூடிக்கொண்டிருந்து, அவள் எழுந்து முகம் கழுவிய பிறகுதான் சொன்னேன். என் மகள் பேசப் பழகியதே கிசுகிசுப்பாகத்தான்.

அந்த வருடம் மனைவியின் வார்டுக்கு ஒரு நர்ஸ் வந்தாள். பதிமூன்று வாரக் கான்ட்ராக்ட். முடிந்ததும் வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. புருஷனும் நாயும் அவளோடு ஒரு ட்ரெய்லரில் இருந்தார்கள். இதை மனைவி சாப்பிடும்போது வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பதிமூன்று வாரத்துக்கு ஒரு ஊர்! இப்படி ஒரு பிழைப்பு இருக்கிறதென்று யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே.

மூன்று மாதம் விடாமல் பேசினேன். கடைசியில் அவள் சொன்னாள்.

"பாப்பா ஸ்கூல் சேர்ற வரைக்கும்தான். மொதல்ல ஒரு பதிமூணு வாரம் வர்றேன். ஒத்து வரலன்னா வித்துட்டு ஒரு வீட்டப் பாத்து உக்காந்துடணும். அப்புறம் கெளம்பறேன் கெளம்பறேன்னு நிக்கக் கூடாது. சரியா?"

"சரி."

"பாப்பா தலையில அடிச்சு சொல்லுங்க."

"அதெல்லாம் கூடாது புள்ள, மார்க்கத்துல இல்ல."

"இதுக்கு மட்டும் மார்க்கம் வந்துரும்" என்றாள். ஆனாலும் செப்டம்பரில் தொடங்குகிற மாதிரி, மெக்சிகோ எல்லையை ஒட்டிய மெக்காலனில் ஒரு ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் போட்டாள். வேலையும் கிடைத்தது. அபார்ட்மெண்ட் லீஸ் ஆகஸ்டில் முடிகிறது. புதுப்பிக்கிறோமா இல்லையா என்று ஜூலைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளும் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

யாரிடமாவது யோசனை கேட்கலாமென்று பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் ஒரு நண்பரிடம் போனேன். மெட்ராஸ்காரர், சாஃப்ட்வேர் வேலை, ஷட்டில் ஓட்டிய நாளில் பழக்கம். அவருடைய புதுவீட்டுக்கு நான்தான் வேலி அடித்துக் கொடுத்தேன்.

"கேரவனா? என்ன பாய், ஷூட்டிங்குக்குக் கூப்ட்டாங்களா?"

"ஆமா சார், ஹீரோயினுக்கு நைட் டூட்டி. நான் டிரைவர்."

அவர் ஃபாரத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. "இதுல யோசிக்க என்ன பாய் இருக்கு? ஃபுல்லி லோடட் எடுத்துடுங்க. எல்லாத்தையும் டிக் பண்ணுங்க. நான் கார் வாங்கினப்ப அப்படித்தான் பண்ணேன். சீட்டுக்கு ஹீட்டர் இருக்கு, டெக்சாஸ்ல என்னைக்கு அத போடப் போறேன்? ஆனா விக்கும்போது கேப்பான் பாருங்க."

அங்கே எல்லோரும் அப்படித்தான் வாங்குவார்கள். வாங்கும்போதே விற்பதை நினைத்து, இருக்கிறதிலேயே மேல் மாடலாகப் பார்த்து வாங்குவார்கள். நானும் அன்று மாலையே பென்சிலால் முன்பக்கம் முழுக்க டிக் அடித்துவிட்டேன்.

டென்டனுக்கு வடக்கே ஃப்ரீவே ஓரத்தில் இருந்த ட்ரெய்லர் கடைக்குக் குடும்பத்தோடு போனபோது, விற்பனைக்காரர் என் தாளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வெயிலில் கன்னமெல்லாம் சிவந்துபோன, நிதானமான ஆள். என்னை ஒரு ட்ரெய்லரின் வாசல்பக்கம் கூட்டிக்கொண்டு போய், அங்கே ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரைக் காட்டினார். இந்த ட்ரெய்லருக்குள் இத்தனை பவுண்டு சாமான்தான் ஏற்றலாம் என்று அதில் போட்டிருந்தது. நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு டிக்கும் இதிலிருந்துதான் கழியும் என்றார். கூரைத்துணி கழியும், வெளி அடுப்பு கழியும், தொட்டியில் நிரப்புகிற தண்ணீரும் கழியும். எல்லாக் கட்டத்தையும் அடித்தால் உங்கள் துணிமணிக்கும் பாத்திரத்துக்கும் இடம் இருக்காது. ஏற்றினால் டயர் வெடிக்கும். உங்கள் பிக்கப்பாலும் இழுக்க முடியாது. காற்றில் ட்ரெய்லர் ஆடாமல் பிடிக்கிற இரும்புக் கொண்டி ஒன்றைக் காட்டி, இது இல்லாமல் மட்டும் நான் யாருக்கும் விற்பதில்லை என்றும் சொன்னார்.

கழிவறைப் பகுதிக்கு வந்தோம். ஹேண்ட் ஸ்ப்ரேயர் என்று ஒரு கட்டம். கம்மோடுக்குப் பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சுகிற குழாய். பீங்கானைக் கழுவி விடுவதற்கு என்று விளக்கினார். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"மொதல்ல அத டிக் பண்ணுங்க" என்றாள் தமிழில்.

பெரும்பாலானவர்கள் இதை எடுப்பதில்லை, நீங்கள் பீங்கானை ரொம்பச் சுத்தமாக வைத்துக்கொள்கிறவர்கள் போல என்று விற்பனைக்காரர் மெச்சினார்.

"எஸ் சார், வெரி கிளீன்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மகளின் தலையில் இல்லாத பேனைத் தேடினாள்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் இருந்த எடை மெஷினை ஹாலுக்குக் கொண்டுவந்தாள். வார்டில் நோயாளிகளை எடை பார்க்கிற பழக்கம். ஒவ்வொரு பொருளையும் கையில் தூக்கிக்கொண்டு மெஷின் மேல் ஏறினாள், தன் எடையைக் கழித்தாள். அரிசி மூட்டை. குக்கர்கள். மாவாட்டும் கிரைண்டர், கல்லோடு முப்பது பவுண்டுக்கு மேல்.

"கிரைண்டர் எதுக்கு? மிக்சி போதாதா?"

"மிக்சியில அரைச்ச இட்லிய அன்னைக்கு யாரு தொடமாட்டேன்னு சொன்னா?"

"நான் இல்ல."

"அப்ப பக்கத்து வீட்டு வெள்ளக்காரர் சொல்லியிருப்பாரு."

மகளும் தன் பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஏறினாள். "அத்தா, ஹவ் மச் இஸ் மை பேர்?" என்றாள். கரடி ஒரு பவுண்டும் இல்லை. கரடி வரலாம் என்று தீர்ப்பானது.

எனக்கு அந்த எடை மெஷின் ஒரு விஷயத்தைக் காட்டியது. என்னுடையது என்று சொல்ல ஒரு பெட்டித் துணியும் டூல்பாக்ஸும்தான். மிச்சம் எல்லாம் அவளுடையதும் குழந்தையுடையதும். இதெல்லாம் எப்போது சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. என் கண்ணெதிரில்தான் சேர்ந்திருக்கிறது.

முன்பக்கத்தை இருவருமாக உட்கார்ந்து அழித்து எழுதினோம். வெளி அடுப்பு இருக்கட்டும், தாளிக்கிற புகைக்கு உள்ளே இருக்கிற அலாரம் தாங்காது. மைக்ரோவேவ் வேண்டும். டிவி ஆண்டெனா வேண்டாம். மாடிக்கட்டிலுக்கு மகள் ஒற்றைக் காலில் நின்றாள், ஜெயித்தாள். எல்லாம் போக ஒரு சின்ன எடைதான் மிச்சம். பின்பக்கத்தை அதற்குள் அடக்க வேண்டும். நாளை டூட்டி முடிந்து வந்து பார்க்கிறேன் என்று அவள் வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

பின்பக்கத்தை நான் தனியாகப் படித்தேன். சோலார் பலகை, இரண்டாவது பேட்டரி, கூடுதல் தண்ணீர்த் தொட்டி. இந்த மூன்றும் இருந்தால் கரண்ட் இணைப்பே இல்லாத இடத்திலும் நிறுத்தலாம். மேற்கு டெக்சாஸ் பாலைவனத்தில், நாற்பது மைல் சுற்றளவில் ஒரு விளக்குக்கூட இல்லாத இடங்களைப் பற்றி ஷட்டிலில் வந்த ஒரு கிழவர் சொல்லியிருந்தார். மெக்காலன் முடிந்ததும் நேராக அங்கேதான் என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். அதே பக்கத்தில் 'படுக்கையறை' என்று ஒரு தலைப்பும் இருந்தது. திரைச்சீலைக்குப் பதில் மரக்கதவு. வெளிச்சம் புகாத ஜன்னல் மறைப்பு. படுக்கையறைக்கு இரண்டாவது ஏசி. அந்த வரிகளைக் கண் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை.

மறுநாள் அவளை ஆஸ்பத்திரி வாசலிலேயே ஏற்றிக்கொண்டு டென்டனுக்கு ஓட்டினேன். சீருடையைக் கூட மாற்றவில்லை. வார்டில் ராத்திரி இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள் என்று சொன்னாள். கடையில் நாங்கள் எடுக்கிற மாடலில் ஒன்று நிறுத்தியிருந்தது. உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தவள் படுக்கையில் உட்கார்ந்தாள்.

"அஞ்சு நிமிஷம் கண்ண மூடிக்கிறேங்க" என்றாள். செருப்பைக் கழற்றவில்லை. தூங்கிவிட்டாள்.

மகள் வாசலில் நின்று, வந்துகொண்டிருந்த விற்பனைக்காரரைக் கையால் தடுத்தாள். "ஷ்ஷ். அம்மா இஸ் ஸ்லீப்பிங். யூ ஹாவ் டு விஸ்பர்." அந்தப் பெரிய மனிதர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஃபாரத்தை மத்தியானத்துக்குள் தொழிற்சாலைக்கு ஃபேக்ஸ் அனுப்பினால் ஆகஸ்ட் கடைசியில் ட்ரெய்லர் வந்துவிடும், இல்லையென்றால் அடுத்த வரிசையில்தான், மூன்று வாரம் தள்ளிப்போகும் என்றார். தள்ளிப்போனால் செப்டம்பர் வேலைக்குப் போய்ச் சேர முடியாது.

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பலாம் என்று கையை நீட்டினேன். பிறகு எழுப்பக் கூடாது என்பதுதானே வீட்டுச் சட்டம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது என்பதை இன்றைக்கு எழுதும்போது மறைப்பதற்கில்லை. வெளியே வந்து சோலார், பேட்டரி, தண்ணீர்த் தொட்டி மூன்றுக்கும் பேனாவால் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். மிச்சமிருந்த எடை அதோடு தீர்ந்தது.

மகள் படியில் ஏறிக் குதித்ததில் ட்ரெய்லரே ஆடியது. மனைவி எழுந்து உட்கார்ந்தாள். இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

திரும்பி வரும் வழியில் நகல் தாளைக் கையில் எடுத்தாள். முன்பக்கம் பார்த்தாள், திருப்பினாள்.

"பின்பக்கம் யார் முடிவு பண்ணது?"

"மத்தியானத்துக்குள்ள அனுப்பணும்னாரு. நீ தூங்கிட்டிருந்த."

"எழுப்பறதுக்கென்ன?"

"எழுப்பக் கூடாதுன்னு நீதானே..."

"ஓ. அந்தச் சட்டம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வீடு தீப்பிடிச்சாலும் எழுப்ப மாட்டீங்க போல" என்றாள்.

"அங்க நல்லாத்தானே தூங்குன?"

"அதுக்குப் பேரு தூக்கமா? ராத்திரி பூரா நின்னுட்டு வந்தா ரோட்டுல படுத்தாக்கூட கண்ணு சொருகும். தெனம் ஏழு மணி நேரம், அந்த வெயில்ல, ஒரு துணிக்கு இந்தாண்ட புள்ள வெளையாட, நீங்க டம்ளர உருட்ட, நான் தூங்கணும். தூங்கலன்னா அடுத்த நாள் மருந்து மாத்திக் குடுத்துருவேன். ஆளு செத்துரும். புரியுதா?"

புரிகிறது என்றேன். புரியவில்லை. எட்டுப் பேர் இருந்த தகரக் கேபினில் பகலில் தூங்கியவன் நான். திரை என்ன, கதவு என்ன என்றுதான் உள்ளே ஓடியது.

அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு வழி தெரிந்திருக்கும். மறுநாள் மாலை லீஸ் தாளை எடுத்து, புதுப்பிக்கிறோம் என்ற பக்கத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டாள். தேதி மட்டும் போடவில்லை.

"நீங்க ட்ரெய்லர எடுத்துட்டுப் போயிட்டு வாங்க. நானும் பாப்பாவும் இங்க இருக்கோம்" என்றாள். குரலில் கோபமே இல்லை. கடைக்குப் போய்ப் பால் வாங்கி வாருங்கள் என்கிற மாதிரிதான் சொன்னாள்.

போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இதற்கு முன் அப்படித்தான் போயிருக்கிறேன், சொல்லிக்கொள்ளாமல்கூட. இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். சமையலறையிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து சமையலறை. கீழ்வீட்டுக்காரர் கட்டையால் தட்டினார். வியாழக்கிழமை காலை அவள் டூட்டி முடிந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டதும் மகளை வண்டியில் ஏற்றி டென்டனுக்குப் போனேன். நான் நினைத்தது சரி என்று நிரூபிக்கத்தான் போனேன். அந்தப் படுக்கையில் நானே மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கிக் காட்டுவது, பிறகு வீட்டுக்கு வந்து, பார், தூங்கினேன் என்று சொல்வது. இதுதான் திட்டம்.

விற்பனைக்காரரிடம் கேட்டேன். எடுத்த மாடலில் கொஞ்ச நேரம் படுத்துப் பார்க்கலாமா? தாராளமாக என்றார். மகளை முன்பக்கம் மேஜையில் கலர் அடிக்கிற புத்தகத்தோடு உட்கார வைத்தேன். திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன்.

முதலில் வெளிச்சம். கண்ணை மூடினாலும் இமைக்குள் சிவப்பாக இருந்தது. கூரையில் வெயில் ஏறி, தகரம் அவ்வப்போது டப்பென்று சத்தம் போட்டது. ஏசிக்காற்று முன்பக்கத்திலேயே தீர்ந்துபோய், படுக்கைப் பக்கம் வெறும் சத்தம் மட்டும் வந்தது. மகள் ஒரு கிரேயானைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பது கேட்டது. அவள் தனக்குள் ஏதோ பாடினாள். கிசுகிசுப்பாகத்தான் பாடினாள், ஆனால் என் காதுக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. அவள் உட்கார்ந்தவாறே காலை ஆட்டினால் என் கட்டில் ஆடியது. தம்மாமில் எப்படித் தூங்கினேன் என்று யோசித்தேன். தூங்கவில்லை என்று அப்போதுதான் நினைவு வந்தது. ஆறு மாதம் ராத்திரி வேலை பார்த்துவிட்டு ஒருநாள் வேனைத் தூணில் விட்டேன். அதனால்தான் பகல் வேலைக்கு மாற்றினார்கள். அதை நான் சுத்தமாக மறந்திருந்தேன்.

அப்படிப் படுத்திருக்கும்போது ட்ரெய்லர் பார்க்க ஒரு குடும்பம் ஏறியது. பூட்ஸ் சத்தம், பேச்சு. இது பெட்ரூமாக இருக்கும் என்று ஒரு பெண் குரல் சொன்னது. சரக்கென்று திரை விலகியது. தாடி வைத்த ஒருவன் பட்டப்பகலில் கடையில் இருக்கிற கட்டிலில் கண்ணைத் திறந்து மல்லாந்து கிடப்பதைப் பார்த்து அந்த அம்மாள் ஆண்டவனைக் கூப்பிட்டு அலறினாள். நான் துள்ளி எழுந்து கட்டிலுக்கு மேலிருந்த அலமாரியில் மண்டையை இடித்துக்கொண்டேன்.

என் மகள் கலர் அடிப்பதை நிறுத்தாமல் சொன்னாள். "இட்ஸ் ஓகே. மை அத்தா இஸ் ட்ரையிங் டு ஸ்லீப்."

மன்னிப்புக் கேட்டுவிட்டு நேராக ஆபீசுக்குப் போனேன். ஃபாரத்தை மாற்ற முடியுமா? வெள்ளிக்கிழமை வரை முடியும் என்றார் விற்பனைக்காரர். கதவு என்றேன். ஜன்னல் மறைப்பு என்றேன். இரண்டாவது ஏசி என்றதும் அவர் பேனாவை வைத்துவிட்டார். இரண்டு ஏசி ஓடவேண்டுமானால் ட்ரெய்லரின் வயரிங்கே பெரியதாக வேண்டும், ஐம்பது ஆம்பியர். அந்த அளவு கரண்ட் ஊருக்குள் இருக்கிற பெரிய ட்ரெய்லர் பார்க்குகளில்தான் கிடைக்கும். காட்டுப்பக்கம் இருக்கிற அரசாங்கப் பார்க்குகள் பலவற்றில் கிடைக்காது. எடைக்கு சோலாரும் பேட்டரியும் பெரிய தொட்டியும் போகவேண்டியிருக்கும். யோசித்துக்கொள்ளுங்கள் என்றார்.

"அப்ப பாலைவனத்துல நிறுத்த முடியாதா?"

"நிறுத்தலாம். வேர்த்துக்கொண்டு நிறுத்தலாம்."

மூன்று டிக்கைக் கோடு போட்டு அழித்துவிட்டு வேறு மூன்று டிக்கைப் போட்டேன். பேனா அழுந்தியதில் தாள் ஒரு இடத்தில் கிழிந்துவிட்டது. அவர் புதுத்தாள் கொடுத்தார், திரும்பவும் முதலிலிருந்து நிரப்பினேன். ஸ்ப்ரேயரை மறந்துவிடாதீர்கள் என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிச் சொல்லலாமா என்று வாசலில் நின்றேன். எழுப்பவில்லை. மூன்றே கால் வரை மகளும் நானும் தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் பருப்பில் கல் பொறுக்கினோம். அவள் எழுந்து வந்து தாளை வாங்கி நின்றபடியே படித்தாள்.

"சோலார எடுத்துட்டீங்களா?"

"ம்."

"எப்பப் பாரு பாலைவனம் பாலைவனம்னுவீங்களே?"

"அது எங்க போயிரப் போவுது?"

"மண்டையில என்ன வீக்கம்?"

சொன்னேன். சிரித்தாள், அதுவும் அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு. பிறகு லீஸ் தாளில் தன் கையெழுத்தின் மேல் கோடு போட்டு, புதுப்பிக்கவில்லை என்ற பக்கத்தை நிரப்பி, அவளே கீழே ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தாள்.

செப்டம்பர் முதல் வாரம் மெக்காலனில் ஒரு பெரிய பார்க்கில் ட்ரெய்லரை நிறுத்தினேன். வரிசை வரிசையாகப் பனைமரம், வரிசை வரிசையாக சிமெண்ட் தளம். ஐம்பது ஆம்பியர் இருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு டூட்டியிலிருந்து வந்தாள், ஒரு தோசை தின்றாள், உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மகளும் நானும் வெளியே இறங்கிவிட்டோம். கதவு இருந்தாலும் படியில் குதித்தால் கட்டில் ஆடத்தானே செய்யும்.

அந்தப் பார்க்கைச் சுற்றி நடந்தோம். முதல் சுற்று, இரண்டாவது சுற்று. துணி துவைக்கும் அறை, நீச்சல் குளம், தபால் பெட்டிகள், மறுபடியும் துணி துவைக்கும் அறை. வீட்டுக்குச் சக்கரம் வைத்து வாங்கியவன் அதைக் கட்டை கொடுத்து நிறுத்திவிட்டு, அதைச் சுற்றி தினம் ஏழு மணி நேரம் நடந்தேன். நவம்பரில் வடக்கிலிருந்து குளிருக்குத் தப்பி வந்த வயதானவர்கள் பக்கத்து இடங்களை நிரப்பினார்கள். எங்களைப் பார்த்தால், அடுத்து எந்த ஊருக்கு என்று கேட்பார்கள். நான் மேற்கே கையைக் காட்டுவேன்.

பதினோராவது வாரம் அவள் சாயங்காலம் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே சொன்னாள். "இன்னும் பதிமூணு வாரம் இருக்கியான்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வீட்டுல கேட்டுச் சொல்றேன்னேன்." சீப்பை மடியில் வைத்தாள். "இங்க எனக்கு நல்லாத் தூக்கம் வருதுங்க. தம்மாம், ரிச்சர்ட்சன், எங்கயும் இப்படித் தூங்கினதில்ல. ஆனா ஒங்களுக்குக் காலு அரிக்கும்."

அரித்தது. அப்போதே எழுந்து கொண்டியை மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடலாம் போல இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே பல வருடமாக இருந்த கருப்பு வெளுத்திருந்தது. நான் அதை அன்றுதான் கவனித்தேன்.

"இருக்கேன்னு சொல்லிரு" என்றேன்.

"நெசமாவா? அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"வச்சுக்குவேன். அதுக்கு நீ ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த ஊரில் மொத்தம் முப்பத்தொன்பது வாரம் இருந்தோம். அந்த இரண்டாவது கான்ட்ராக்டில் அவள் கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை, கதவு சாத்திய சத்தம் கேட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கின் கேட்டைத் தாண்டினேன். சாலையோரமாகவே நடந்தோம். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு டயர் கடை, பிறகு ஆரஞ்சுத் தோட்டம்.

"அத்தா, வேர் ஆர் வி கோயிங்?"

"சும்மா."

"ஹவ் ஃபார்?"

"மூணு மணிக்குள்ள திரும்பி வர்ற தூரம் வரைக்கும்" என்றேன். அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடையை எட்டிப் போட்டேன்.